கணினித் திரையில் ஒரு நோயாளி: அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டத்திற்குத் தயாராவது எப்படி?

சுங்கை காடுட் – நெகிரி செம்பிலானில் சுங்கை காடுட், செனவாங், ரந்தாவ் வட்டாரத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வெளிவந்த குடும்பங்களில் இன்று டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை இருப்பது அதிசயமான செய்தி அல்ல. சிரம்பானிலேயே துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை இருக்கிறது. ஐ.எம்.யூ. பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பயிற்சி வளாகமும் அங்கேதான். உள்நாட்டில் இடம் கிடைக்காதவர்கள் இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா என்று போய்ப் படித்துத் திரும்புகிறார்கள்.

படித்து முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி எழுகிறது. 2016 டிசம்பரில் அரசாங்கம் புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கத் தொடங்கியது. நிரந்தர வேலையும் நிபுணத்துவப் பயிற்சியும் எட்டாமல் போகின்றன என்ற மனக்குறை வளர்ந்து, 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் பணியிடங்களிலிருந்து வெளிநடப்பு செய்யும் அளவுக்குப் போனது. அதன் பிறகு சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா பற்றிப் பேசாத பயிற்சி மருத்துவர்கள் குறைவு. அவர்களில் ஒரு சிலர் அமெரிக்காவையும் நினைத்துப் பார்க்கிறார்கள்.

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.-யின் மூன்றாவது கட்டம் ‘ஸ்டெப் 3’. அதில் நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிதான ஒரு பகுதி உண்டு. கணினித் திரையில் ஒரு நோயாளி வருவார். அவருக்கு என்ன செய்வது என்று தேர்வு எழுதுபவரே முடிவு செய்ய வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. ‘சி.சி.எஸ்.’ எனப்படும் இந்தப் பகுதியைப் பற்றியும், இங்கிருந்தபடியே அதற்கு எப்படித் தயாராகலாம் என்பதைப் பற்றியும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் இந்தத் தேர்வு இவ்வளவு முக்கியம்?

ஸ்டெப் 1, ஸ்டெப் 2 இரண்டிலும் தேர்ச்சி பெற்று, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழையும் பெற்ற பிறகே ஸ்டெப் 3 எழுத முடியும். அமெரிக்காவில் படிப்பவர்கள் பெரும்பாலும் நிபுணத்துவப் பயிற்சியில் சேர்ந்த பிறகு, முதல் ஆண்டில் இதை எழுதி முடிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து போகிறவர்களில் பலர் முன்கூட்டியே எழுதுகிறார்கள். அதற்குக் காரணம் விசா.

நிபுணத்துவப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வகை விசா வழக்கத்தில் உள்ளது. ஒன்று ஜே-1. இதற்கு நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் கடிதம் வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மற்றொன்று எச்-1பி. இதில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் பயிற்சி தொடங்கும் முன்பே ஸ்டெப் 3-இல் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். ஆகவே எச்-1பி வழியை விரும்புபவருக்கு ஸ்டெப் 3 தான் வாசல்.

இந்த வாசலுக்குச் செலவும் அதிகம். ஸ்டெப் 1, ஸ்டெப் 2 தேர்வுகளை மலேசியாவிலிருந்தே எழுத முடிந்தாலும், ஸ்டெப் 3 அமெரிக்காவிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் மட்டுமே நடக்கிறது. தேர்வுக் கட்டணமே ஆயிரம் அமெரிக்க டாலரை ஒட்டி வருகிறது. அதோடு விமான டிக்கெட், தங்குமிடம், விசா செலவு எல்லாம் சேரும். தோற்றால் அந்தத் தோல்வி மதிப்பெண் பதிவில் நிரந்தரமாக இருக்கும். பயிற்சிக்கு ஆள் எடுக்கும் மருத்துவமனைகள் அதைப் பார்க்கும். ஒவ்வொரு கட்டத்தையும் நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. தேர்ச்சி பெற்ற பிறகு, மதிப்பெண் போதவில்லை என்று மீண்டும் எழுதவும் முடியாது. முதல் முறையே ஒழுங்காகத் தயாராகிப் போவதுதான் குடும்பத்தின் பணத்துக்கும் பாதுகாப்பு.

தேர்வின் அமைப்பு

ஸ்டெப் 3 இரண்டு நாள் தேர்வு. இரண்டு நாட்களும் அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டியதில்லை. முதல் நாளில் 232 கேள்விகள். இரண்டாம் நாளில் முதலில் 180 கேள்விகள். அதன் பிறகு 13 கணினி நோயாளிகள். இரண்டாம் நாள் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் நீளும். ஒவ்வொரு நோயாளிக்கும் அதிகபட்சம் 10 அல்லது 20 நிமிடம். முடிவில் எல்லாம் சேர்த்து ஒரே மூன்று இலக்க மதிப்பெண் வரும். 2024 ஜனவரி முதல் தேர்ச்சி மதிப்பெண் 200. அதற்கு முன் 198. இந்த எண்ணிக்கைகளைத் தேர்வு நிர்வாகம் அவ்வப்போது மாற்றுவதுண்டு. விண்ணப்பிக்கும் முன் யு.எஸ்.எம்.எல்.இ. இணையத்தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நோயாளியைப் பார்ப்பது போன்ற தேர்வு அமெரிக்கர்களுக்குப் புதிதல்ல. 1960-களிலேயே அங்குள்ள தேசிய மருத்துவத் தேர்வு வாரியம், ஒரு நோயாளியின் கதையைக் காகிதத்தில் கொடுத்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. மாணவர் தேர்ந்தெடுத்த இடத்தில் மட்டும் மறைந்திருக்கும் பதில் வெளிப்படும். கணினி வளர்ந்த பின், 1999-இல் ஸ்டெப் 3 கணினித் தேர்வானபோது இன்றைய முறை சேர்ந்தது. நம் நாட்டில் காகிதம் இல்லாத மருத்துவமனையாகச் சிலாயாங் மருத்துவமனை திறக்கப்பட்டதும் அதே 1999-இல்தான். ஆனால் இன்றும் நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் மருந்தும் சோதனையும் காகிதத்தில்தான் எழுதப்படுகின்றன. அங்கே பழகிய கை, கணினியில் கட்டளை போடும்போது தயங்குவது இயல்பு.

பிரிட்டனின் பிளாப் தேர்வோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதியில் நோயாளியாக நடிப்பவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சும் பரிவும் அங்கே மதிப்பெண் பெறும். சி.சி.எஸ்.-இல் பேச்சு கிடையாது. செய்த செயல், அதைச் செய்த நேரம், செய்த வரிசை ஆகிய மூன்றும்தான் கணக்கு.

திரையில் என்ன நடக்கும்?

முதலில் நோயாளி எங்கே வந்திருக்கிறார், என்ன தொல்லை என்று சில வரிகள் வரும். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு வேகம், உடல் சூடு முதலியவை தெரியும். நோயின் வரலாறு எழுத்தில் வரும். அதற்குப் பிறகு கணினி எதையும் கேட்காது. சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும்.

தேர்வு எழுதுபவரிடம் நான்கு வேலைகள் உள்ளன.

ஒன்று, உடல் பரிசோதனை. எந்தெந்த உறுப்பைப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் முடிவு எழுத்தில் வரும்.

இரண்டு, கட்டளை எழுதுவது. ரத்தச் சோதனை, எக்ஸ்ரே, மருந்து, அறுவைச் சிகிச்சை, நிபுணரை அழைப்பது, நோயாளிக்கு அறிவுரை என்று எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் சில எழுத்துகளை வைத்துக் கணினி பொருத்தமான பெயர்களைக் காட்டும்; அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மருந்தின் அளவு கேட்கப்படாது. எந்த வழியாக, ஒரு முறையா தொடர்ச்சியாகவா என்பது மட்டும் கேட்கப்படும்.

மூன்று, கடிகாரத்தை நகர்த்துவது. இதுதான் புதியவர்களைத் திணறடிக்கும் இடம். இந்தத் தேர்வில் இரண்டு கடிகாரங்கள் உள்ளன. ஒன்று நம் கையில் ஓடும் உண்மையான 10 அல்லது 20 நிமிடம். மற்றொன்று நோயாளியின் நேரம். நோயாளியின் நேரத்தை நாம் நகர்த்தினால்தான் ஓடும். ரத்தச் சோதனைக்குக் கட்டளை போட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிவு வராது. அடுத்த முடிவு வரும் நேரத்துக்கோ, இரண்டு மணி நேரம் கழித்தோ, மூன்று வாரம் கழித்தோ நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது நோயாளியின் நிலை மாறலாம். சரியான மருந்து கொடுத்திருந்தால் தேறுவார், மறந்திருந்தால் மோசமாவார். இடையில் தாதியின் குறிப்பும் வரும்.

நான்கு, இடம் மாற்றுவது. கிளினிக், அவசரப் பிரிவு, வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு, வீடு ஆகியவற்றில் நோயாளி எங்கே இருக்க வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் காலத்துத் தோட்ட மருத்துவமனைகளில் டிரஸ்ஸர் செய்த வேலையைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். காய்ச்சல், காயம், பிரசவம் என்று எது வந்தாலும் முதலில் பார்ப்பவர் அவர்தான். இவரை இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா என்ற முடிவில்தான் ஓர் உயிர் தொங்கும். சி.சி.எஸ். தேர்வு சோதிப்பதும் அந்த முடிவெடுக்கும் திறனைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு

கீழே உள்ளது விளக்கத்திற்காக எழுதப்பட்ட கற்பனை நோயாளி. தேர்வில் வந்தது அல்ல.

19 வயதுப் பெண். ஒரு நாளாக வாந்தி, வயிற்று வலி. அவசரப் பிரிவுக்கு வந்திருக்கிறார். ரத்த அழுத்தம் 92/58, நாடித்துடிப்பு 128, மூச்சு நிமிடத்திற்கு 30. சில வாரங்களாக அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் எடை குறைவு என்று வரலாறு சொல்கிறது. இனிப்புநீர் நோய் நம் சமூகத்தில் எவ்வளவு பரவலானது என்பது தெரிந்ததே. வார்டில் வேலை செய்த எந்தப் பயிற்சி மருத்துவருக்கும் இது கீட்டோ அமிலத்தன்மையாக இருக்கலாம் என்று உடனே தோன்றும். நோயைக் கண்டுபிடிப்பது இங்கே சிரமமில்லை. மதிப்பெண் அதற்குப் பிறகுதான் கூடும் அல்லது குறையும்.

ரத்த அழுத்தம் குறைவாக இருப்பதால் நீண்ட பரிசோதனைக்கு நேரமில்லை. பொதுத் தோற்றம், இதயம், நுரையீரல், வயிறு ஆகியவற்றை மட்டும் பார்த்துவிட்டு, முதல் தொகுதிக் கட்டளைகளை ஒரே மூச்சில் எழுத வேண்டும். நரம்பு வழி ஊசி, உப்பு நீர், விரல் நுனிச் சர்க்கரைச் சோதனை, இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவி, ஆக்சிஜன் அளவு பார்ப்பது, ரத்த உப்புகள், தமனி ரத்த வாயு, கீட்டோன், முழு ரத்த அணுக்கள், சிறுநீர், இ.சி.ஜி. ஆகியவை அதில் அடங்கும். வயிற்று வலியோடு வந்திருக்கும் இளம் பெண் என்பதால் கர்ப்பச் சோதனையும் வேண்டும். இதை மறப்பவர்கள் பலர்.

இப்போது கடிகாரத்தைச் சில நிமிடங்கள் நகர்த்தினால் முடிவுகள் வரத் தொடங்கும். சர்க்கரை 486. பொட்டாசியம் 3.0. இந்த இடத்தில்தான் பழக்க தோஷம் கையைப் பிடிக்கும். சர்க்கரை ஏறியிருக்கிறது, உடனே இன்சுலின் என்று விரல் தட்டச்சுக்குப் போகும். ஆனால் இன்சுலின் பொட்டாசியத்தை மேலும் இறக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். முதலில் நரம்பு வழியாகப் பொட்டாசியம் கொடுத்து, மறுபடி சோதித்து, அது பாதுகாப்பான அளவுக்கு ஏறிய பிறகே இன்சுலினைத் தொடங்க வேண்டும். இரண்டு கட்டளைகளும் சரியானவைதான். வரிசை மாறினால் சரியானதே ஆபத்தாகிவிடும்.

பிறகு நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்த உப்புகளையும் ஒவ்வொரு மணி நேரமும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். ஒரேயடியாகப் பன்னிரண்டு மணி நேரம் நகர்த்தினால் நடுவில் நடப்பது தெரியாமல் போய்விடும். சர்க்கரை 200, 250 அளவுக்கு இறங்கியதும் குளுக்கோஸ் கலந்த நீரைச் சேர்க்க வேண்டும். அமிலத்தன்மை சரியாகி அவர் சாப்பிடத் தொடங்கியதும் தோலுக்கடியில் போடும் இன்சுலினுக்கு மாற்றலாம். அந்த ஊசியைப் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே நரம்பு வழி இன்சுலினை நிறுத்த வேண்டும்.

கடைசியில் வீட்டுக்கு அனுப்பும் முன் அறிவுரைகள். இன்சுலினை எப்படிப் போடுவது, உணவு முறை, சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது, அடுத்த சந்திப்பு எப்போது என்பவை எல்லாம் தனித்தனிக் கட்டளைகளாக எழுதப்பட வேண்டும். மனத்தில் நினைத்தது கணக்கில் வராது. எழுதியது மட்டுமே வரும்.

மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது?

இதே நோயாளியை அனுபவமுள்ள மருத்துவர்கள் எப்படிக் கவனிப்பார்கள் என்பதோடு நம் செயல்கள் ஒப்பிடப்படுகின்றன. தேவையானதைச் செய்தால் கூடும். தாமதமாகச் செய்தால் அதன் பலன் குறையும். தேவையில்லாமல் நோயாளியை ஆபத்துக்குள்ளாக்கினால் குறையும். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா நோயாளிக்கும் சி.டி. ஸ்கேனும் குழாய்ப் பரிசோதனையும் போடுவது இங்கே உதவாது.

நிபுணரை அழைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் உதவாது. நம் மருத்துவமனைகளில் ஹவுஸ்மேன் தன் மேலதிகாரியான எம்.ஓ.-வை அழைப்பார், எம்.ஓ. நிபுணரை அழைப்பார், முடிவு மேலிருந்து வரும். பயிற்சிக் காலத்தில் அது நல்ல ஒழுங்கு. சி.சி.எஸ்.-இல் எல்லாப் பொறுப்பும் உங்களுடையது. நிபுணரை அழைத்தாலும், சிகிச்சையைத் தொடருங்கள் என்ற பொருளில் பதில் வரும். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நோயாளிக்கு நிபுணரை அழைப்பது அவசியம். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய ரத்த வகைச் சோதனை, உணவு நிறுத்தம், வலி மருந்து எல்லாம் நம் வேலைதான்.

சில நோயாளிகள் நேரம் மீதமிருக்கும்போதே முடிந்துவிடுவார்கள். அதைக் கண்டு கலங்க வேண்டாம். வெவ்வேறு காரணங்களால் அப்படி முடியலாம். முடியும் தறுவாயில் கட்டளைகளைச் சேர்க்கவும் நீக்கவும் இரண்டு நிமிடம் கிடைக்கும். அந்த நேரத்தில் புதிய முடிவுகள் வரா. விட்டுப்போன தடுப்பூசி, புகைப்பழக்க அறிவுரை, தொடர் சோதனை ஆகியவற்றை அப்போது சேர்க்கலாம்.

மலேசியாவில் பழகியவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை

மருத்துவ அறிவு ஒன்றுதான் என்றாலும் பெயரும் அளவும் வேறு. நெருக்கடி நேரத்தில் பெயர் வராமல் தவிப்பதைவிட முன்பே பழகிக்கொள்வது மேல்.

மருந்துப் பெயர்கள்: நாம் பாராசிட்டமோல் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். சல்பூட்டமோல் அங்கே அல்பியூட்டரால். அட்ரினலின் எபிநெஃப்ரின். ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின். கிளிபென்கிளமைட் கிளைபுரைட். பெத்திடின் மெப்பெரிடின். ஜி.டி.என். என்று சுருக்கி எழுதுவது நைட்ரோகிளிசரின். சோதனைகளிலும் அப்படித்தான். எஃப்.பி.சி. என்பது சி.பி.சி.; ரீனல் புரொஃபைலுக்குப் பக்கத்தில் வருவது பேசிக் மெட்டபாலிக் பேனல்.

அளவுகள்: நம் சர்க்கரை அளவை 18-ஆல் பெருக்கினால் அமெரிக்க அளவு வரும். மேலே சொன்ன பெண்ணின் 486 என்பது நம் கணக்கில் 27. கொழுப்புச்சத்து 5.2 என்றால் அங்கே 200. கிரியேட்டினின் 88 மைக்ரோமோல் என்றால் அங்கே 1. பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் எண் மாறாது.

நோய்கள்: இங்கே காய்ச்சலோடு ரத்தத் தட்டணுக்கள் குறைந்தால் முதலில் டெங்கி, அடுத்து எலிக்காய்ச்சல் என்று மனம் போகும். தேர்வில் வரும் நோயாளி பெரும்பாலும் அமெரிக்காவில் வாழ்பவர். உண்ணியால் பரவும் லைம் போன்ற நோய்களையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தடுப்பு மருத்துவம்: நம் கிளினிக்குகளில் நேரமின்மையால் விட்டுப்போகும் பல விஷயங்களை அமெரிக்க முறை வலியுறுத்துகிறது. 45 வயதில் பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனையைத் தொடங்குவது, 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மார்பக எக்ஸ்ரே, கருப்பை வாய்ச் சோதனை, வயதுக்கேற்ற தடுப்பூசி, மது, புகை பற்றிய அறிவுரை ஆகியவை அதில் அடங்கும். கிளினிக்குக்கு வந்த நோயாளியின் முதல் தொல்லை கவனிக்கப்பட்ட பிறகு இவற்றையும் எழுதும் பழக்கம் வேண்டும்.

ஆறு வாரத் திட்டம்

கேள்விகளுக்கான படிப்பு தனியாக நடக்கட்டும். சி.சி.எஸ்.-க்கு மட்டும் கடைசி ஆறு வாரங்களை ஒதுக்கினால், ஷிஃப்ட் வேலைக்கு நடுவிலும் இதைச் சமாளிக்கலாம்.

முதல் வாரம், யு.எஸ்.எம்.எல்.இ. இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதிகாரப்பூர்வப் பயிற்சி மென்பொருளைத் திறந்து மாதிரி நோயாளிகளைச் செய்து பாருங்கள். நோயைக் கண்டுபிடிப்பது இப்போது நோக்கமல்ல. எந்தப் பொத்தான் எங்கே, கடிகாரம் எப்படி நகர்கிறது, இடம் எப்படி மாறுகிறது என்பது கைக்குப் பழக வேண்டும். நீங்கள் வழக்கமாகச் சொல்லும் மருந்துப் பெயரை மென்பொருள் ஏற்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது வாரம், மூன்று பட்டியல்களை உங்கள் கைப்படத் தயாரியுங்கள். அவசரப் பிரிவுக்கு வந்த நிலைகுலைந்த நோயாளிக்கு முதல் தொகுதிக் கட்டளைகள், வார்டில் சேர்க்கும்போது எழுத வேண்டியவை, கிளினிக் நோயாளிக்கு எழுத வேண்டியவை. புத்தகத்திலிருந்து பார்த்து எழுதியது தேர்வு நாளில் நினைவுக்கு வராது. வார்டில் நீங்களே எழுதிய கட்டளைகளிலிருந்து உருவாக்கினால் நிற்கும்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் ஒரு நாளைக்கு இரண்டு நோயாளிகள். யூவேர்ல்டு போன்ற கட்டணப் பயிற்சித் தளங்களில் இதற்கென்றே நோயாளிகள் உள்ளனர். ஒவ்வொன்றும் முடிந்ததும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்: எதைத் தாமதமாகச் செய்தேன்? எதை விட்டேன்? எதைத் தேவையில்லாமல் செய்தேன்? பதிலை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

ஐந்தாவது வாரம், இன்னொரு மருத்துவ நண்பரோடு சேர்ந்து பயிலுங்கள். ஒருவர் கணினியாக இருப்பார். மற்றவர் வாயால் கட்டளை சொல்வார். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு மௌனம் என்பது விதி. சுங்கை காடுட்டிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் சிரம்பானுக்கு வேலைக்குப் போகும் வழியிலேயே ஒரு நோயாளியை முடித்துவிடலாம். இதற்குக் கணினியும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

ஆறாவது வாரம், களைப்போடு பழகுங்கள். தேர்வில் கணினி நோயாளிகள் 180 கேள்விகளுக்குப் பிறகுதான் வருவார்கள். ஆகவே வீட்டிலும் மூன்று, நான்கு மணி நேரம் கேள்விகள் செய்துவிட்டு, உடனே ஐந்தாறு நோயாளிகளைத் தொடர்ச்சியாகப் பாருங்கள். தேர்வு நாளிலும் இடைவேளை நேரம் முழுவதையும் காலையிலேயே செலவழித்துவிடாமல், கேள்விகளுக்கும் நோயாளிகளுக்கும் நடுவே ஒரு நல்ல பங்கை வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை செய்யும் வார்டையே பயிற்சிக்கூடமாக்கலாம். புதிய நோயாளி சேரும்போது, மேலதிகாரி சொல்லும் முன் உங்கள் கட்டளைகளை மனத்துக்குள் வரிசைப்படுத்துங்கள். பிறகு அவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வுக்கு மட்டுமல்ல, அந்த நோயாளிக்கும் அது நல்லது.

குறுக்கு வழி வேண்டாம்

தேர்வில் வந்த நோயாளிகளின் பட்டியல் என்று சிலர் விற்க வருவார்கள். தேர்வில் பார்த்ததை வெளியே சொல்வதும், அப்படிச் சொன்னதை வாங்கிப் படிப்பதும் விதி மீறல். 2024 ஜனவரி இறுதியில், நேப்பாளத்தோடு தொடர்புடைய பல தேர்வர்களின் மதிப்பெண்கள் செல்லாதவையாகும் என்று யு.எஸ்.எம்.எல்.இ. அறிவித்ததை மருத்துவ உலகம் மறக்கவில்லை. பல ஆண்டு உழைப்பு ஓர் அறிவிப்பில் கேள்விக்குள்ளாகும் நிலை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பெற்றோர்களின் கவனத்திற்கு

அமெரிக்க வழி எல்லோருக்கும் ஏற்றதல்ல. பயிற்சி இடங்களுக்கான முடிவு ஆண்டுக்கு ஒரு முறை மார்ச்சில் வெளியாகிறது. பயிற்சி ஜூலையில் தொடங்குகிறது. மூன்று கட்டங்களிலும் தேர்ச்சி பெற்றவருக்கும் இடம் உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. அப்படி உறுதி தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவரை நம்பாதீர்கள். தேர்வுக்கான விண்ணப்பத்தைப் பிள்ளையே இணையம் வழி நேரடியாகச் செய்ய முடியும்.

வீட்டின் மீது கடன் வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். முதலாவது, அரசாங்க உபகாரச் சம்பளத்தில் படித்திருந்தால் அதன் ஒப்பந்தம் என்ன சொல்கிறது. இரண்டாவது, உள்நாட்டில் ஹவுஸ்மேன்ஷிப் முடிந்துவிட்டதா. அதை முடித்தால்தான் மலேசிய மருத்துவ மன்றத்தில் முழுப் பதிவு கிடைக்கும். வெளிநாட்டில் காரியம் கூடாவிட்டாலும் திரும்பி வந்து வேலை செய்ய அந்தப் பதிவுதான் துணை. மூன்றாவது, எந்த விசா வழி. ஜே-1 போதும் என்று முடிவானால், பயிற்சியில் சேர்ந்து சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு ஸ்டெப் 3 எழுதிக்கொள்ளலாம். இப்போதே அமெரிக்கா போய் வரும் செலவு மிச்சம்.

இத்தனையும் யோசித்த பின் ஸ்டெப் 3 எழுதுவது என்று முடிவு செய்தவர்கள், விமான டிக்கெட் வாங்கும் முன் அந்த இலவசப் பயிற்சி மென்பொருளில் ஒரு நோயாளியையாவது பாருங்கள். முதல் நோயாளி பெரும்பாலும் நம் கையில் சரியாக அமையமாட்டார். அந்தத் தடுமாற்றம் இங்கே வீட்டு மேசையில் நடந்தால் செலவு ஒன்றுமில்லை.